பைக்கின் இன்ஜெக்‌ஷன் கலவையைத் திருத்தும் கண்ட்ரோலர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் பெட்ரோல் கலவையை அளந்து திருத்துவது என் வேலை. 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்6 என்ற புகை மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், கார்புரேட்டரில் திருகாணியைத் திருப்பிப் பழகிய பலரும் இப்போது கண்ட்ரோலர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில், என்னிடம் அதிகம் வரும் வண்டியான ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650ஐ வைத்தே பேசுகிறேன். 648 சிசி, இரட்டைச் சிலிண்டர், 47 குதிரைத்திறன் கொண்ட வண்டி அது. மற்ற வண்டிகளுக்கும் அடிப்படை இதுதான்.

"இந்தப் பெட்டி உண்மையில என்ன செய்யுது? இசியுவையே மாத்திடுதா?"

மாற்றுவதில்லை. வண்டியின் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி), கிராங்க் சுழலும் வேகம், த்ராட்டில் திறந்திருக்கும் அளவு, இன்டேக் குழாயின் காற்றழுத்தம், காற்றின் வெப்பம், இன்ஜின் வெப்பம் ஆகியவற்றைச் சென்சார்கள் வழியாக அறிந்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை எத்தனை மில்லிவினாடி திறந்து வைப்பது என்று ஒவ்வொரு சுழற்சிக்கும் தீர்மானிக்கிறது. இன்ஜெக்டரின் ஒரு முனைக்கு 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். இசியு மறுமுனையை எர்த்தோடு இணைக்கும் நேரம் வரைதான் பெட்ரோல் பாயும். கண்ட்ரோலர் இந்த எர்த் வயரின் நடுவே உட்கார்ந்துகொள்கிறது. இசியு 4 மில்லிவினாடி திறக்கச் சொன்னால், நாம் கொடுத்த கணக்கின்படி அதை 4.2 ஆகவோ 3.8 ஆகவோ மாற்றி இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது.

இது எவ்வளவு நெருக்கடியான நேரத்துக்குள் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு முறை சுற்ற 10 மில்லிவினாடி ஆகும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினின் ஒரு முழுச் சுழற்சி இரண்டு சுற்று என்பதால், மொத்தம் கிடைப்பதே 20 மில்லிவினாடிதான். இசியு முடிவெடுப்பது, பெட்டி திருத்துவது, ஊசி திறந்து மூடுவது ஆகிய மூன்றும் அதற்குள் முடிய வேண்டும்.

"கம்பெனிக்காரங்க ஏன் வண்டியை லீனாவே விட்டு அனுப்புறாங்க?"

சுத்தமான பெட்ரோல் ஒரு கிராம் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தச் சரிசமமான நிலையைத்தான் லாம்டா 1 என்கிறோம். புகைக்குழாய் அமைப்பில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் ஒருசேரச் சுத்தம் செய்வது லாம்டா 1ஐ ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டுமே. ஆகவே, சீரான ஓட்டத்தில் கலவையை அங்கேயே நிறுத்தி வைக்குமாறு இசியு எழுதப்பட்டிருக்கிறது. நாம் "லீன்", அதாவது பெட்ரோல் குறைவு, என்று குறைசொல்வது பெரும்பாலும் இந்த லாம்டா 1ஐத்தான். அது பழுது இல்லை. காற்று மாசைக் குறைக்கத் தெரிந்தே செய்த தேர்வு.

இன்ஜின் அதிக இழுவை தருவது ஏறத்தாழ லாம்டா 0.86 முதல் 0.90 வரையிலான, சற்று ரிச்சான, அதாவது பெட்ரோல் கூடுதலான, கலவையில். ஓட்டுபவர் விரும்புவதற்கும் விதி கேட்பதற்கும் உள்ள இடைவெளி அவ்வளவே.

"இதை மாட்டினா எத்தனை குதிரைத்திறன் கூடும்?"

கம்பெனியில் வந்தபடியே இருக்கும் வண்டியில், முழு த்ராட்டிலில் மிகச் சொற்பமாகத்தான் கூடும். காரணம் எளிது: த்ராட்டிலை முழுதாகத் திறக்கும்போது இசியு லாம்டா 1ஐ விட்டுவிட்டு, தானாகவே ரிச்சான கலவைக்குப் போய்விடுகிறது. மேற்சொன்ன எல்லைக்கு அருகில் ஏற்கெனவே இருக்கும் கலவையைத் திருத்திக் கிடைக்க அங்கே அதிகம் மிச்சமில்லை.

மாற்றம் தெரிவது வேறிடத்தில். மூன்றாம் கியரில் 2,500 ஆர்பிஎம்மில் ஒரு ஆட்டோவின் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கிறீர்கள். த்ராட்டில் 3 சதவீதமோ 5 சதவீதமோதான் திறந்திருக்கிறது. மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் வண்டி ஒரு ஜெர்க் கொடுத்துத்தான் கிளம்புகிறது. கலவையைச் சரியாகத் திருத்தினால் அந்த ஜெர்க் குறைந்து, கைப்பிடியின் அசைவுக்கு இன்ஜின் உடனே இசைவதை உணர்வீர்கள். அதற்காகப் போடுவதென்றால் நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். டாப் ஸ்பீடுக்காக என்றால் அந்தப் பணத்தை நல்ல டயருக்குச் செலவிடுங்கள்.

"பெட்டி, ரீஃபிளாஷ், ஓ2 எமுலேட்டர் எல்லாம் ஒண்ணுதானா?"

மூன்றும் வேறு. அமெரிக்க நிறுவனமான டைனோஜெட்டின் பவர் கமாண்டர், பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக் போன்றவை இசியுவோடு சேர்ந்து இயங்கும் பெட்டிகள். இவற்றைப் பிக்கிபேக் என்பார்கள். ரீஃபிளாஷ் என்பது இசியுவுக்குள் இருக்கும் அட்டவணைகளையே திருத்தி எழுதுவது. கூடுதல் வயரிங் கிடையாது, ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப மீண்டும் எழுத வேண்டும். ஓ2 எமுலேட்டர், புகைவாயுவின் ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சார் இசியுவுக்குச் சொல்லும் செய்தியை மட்டும் மாற்றுவது. விலை குறைவு, வேலை செய்யும் எல்லையும் குறைவு.

இந்தப் பக்கத்தில் பேசுவது முதல் வகையைப் பற்றி. ரீஃபிளாஷ் கிடைக்கும் வண்டிகளுக்கு அதுவே நேர்த்தியான வழி என்பது என் கருத்து. ஆனால் கழற்றிவிடலாம் என்ற நிம்மதிக்காகவே பலர் பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் நியாயமானதே.

"நான் சைலன்சர் மட்டும்தான் மாத்தினேன். அவசியம் போடணுமா?"

இன்ஜினிலிருந்து வரும் பென்ட் பைப்பை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் உள்ள சைலன்சரை மட்டும் மாற்றியிருந்தால் பெரும்பாலும் அவசியமில்லை. காற்றோட்டத்தில் ஏற்படும் சிறிய மாற்றத்தை, சீரான ஓட்டத்தில் ஓ2 சென்சாரைக் கொண்டு இசியுவே ஈடுகட்டிக்கொள்ளும். முழுச் சைலன்சர் அமைப்பையும் மாற்றி, ஏர் ஃபில்டரையும் திறந்த வகைக்கு மாற்றியிருந்தால் நிலைமை வேறு. முழு த்ராட்டிலில் இசியு ஓ2 சென்சாரைப் பார்ப்பதில்லை. கூடுதலாக வரும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் அங்கே தானாக வராது.

எது மாறியிருக்கிறது என்பதைவிட, எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அளந்து பார்ப்பதே முறை. அளந்து பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பெட்டி தேவையில்லை" என்று நான் திருப்பி அனுப்பிய வண்டிகள் உண்டு.

"த்ராட்டிலை விட்டதும் சைலன்சர்ல பட்பட்னு வெடிக்குது. இதைப் போட்டா நிக்குமா?"

பெட்டியை வாங்கும் முன் சைலன்சர் இணைப்புகளைப் பாருங்கள். பென்ட் பைப் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்திலும், சைலன்சர் பைப்போடு சேரும் இடத்திலும் கேஸ்கெட் சரியாக அமரவில்லை என்றால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாமல் வரும் மிச்சக் கலவையோடு சேர்ந்து அங்கேயே வெடிக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கிளாம்ப் அருகே கையைக் காட்டினால் விட்டுவிட்டு அடிக்கும் மெல்லிய காற்று தெரியும்; இணைப்பைச் சுற்றி கருப்புப் புகைக்கறை கோலம் போட்டதுபோல் படிந்திருப்பதும் அடையாளம். புதுக் கேஸ்கெட் ஒன்றால் முடிந்துபோன வழக்குகள் நிறைய.

இணைப்பு சரியாக இருந்தும் வெடித்தால், ஒன்றை நினைவில் வையுங்கள். வேகம் எடுத்துச் செல்கையில் த்ராட்டிலை முழுதாக மூடினால் இசியு பெட்ரோலையே நிறுத்திவிடும். முதல் பதிலில் சொன்னபடி, பெட்டி செய்வது இசியு தரும் துடிப்பை நீட்டுவதும் குறைப்பதும். துடிப்பே வராதபோது நீட்டுவதற்கு எதுவுமில்லை. அந்தக் கட்டத்தில் எத்தனை சதவீதம் போட்டாலும் பயனில்லை.

"மேப் மேப்னு சொல்றீங்களே, அது பார்க்க எப்படி இருக்கும்?"

கணக்குப் பிள்ளையின் பேரேட்டைப் போன்ற ஓர் அட்டவணைதான். பவர் கமாண்டரின் ஐந்தாம் தலைமுறைப் பெட்டியில், இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக 250 ஆர்பிஎம்முக்கு ஒரு வரி. மேலே குறுக்காக 0, 2, 5, 10, 20, 40, 60, 80, 100 என்று த்ராட்டில் சதவீதம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். 3,000 வரியில், 5 சதவீதத்துக்கு நேரே 6 என்று இருந்தால், அந்த நிலையில் இசியு தருவதைவிட இன்ஜெக்டர் 6 சதவீதம் அதிக நேரம் திறந்திருக்கும்; -4 என்றால் 4 சதவீதம் குறைவு. இரண்டு கட்டங்களுக்கு நடுவே வண்டி ஓடும்போது இரண்டின் மதிப்புக்கும் இடைப்பட்டதைப் பெட்டி கணக்கிட்டுக்கொள்ளும்.

த்ராட்டில் எண்கள் தொடக்கத்தில் நெருக்கமாகவும் போகப்போக விலகியும் இருப்பதைக் கவனியுங்கள். த்ராட்டில் 2இலிருந்து 5க்குப் போகும்போது உள்ளே போகும் காற்று பெரிதாக மாறுகிறது. 80க்கும் 100க்கும் இடையே அவ்வளவு மாற்றமில்லை. அன்றாட ஓட்டம் முழுவதும் முதல் ஐந்து பத்திகளுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதால், என் வேலை நேரத்தில் பெரும்பகுதியை அங்கேதான் செலவிடுகிறேன். எல்லாக் கட்டங்களிலும் ஒரே எண்ணை நிரப்பிய மேப்பைப் பார்த்தால், அந்த வண்டியை யாரும் அளக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

"நண்பனும் அதே வண்டிதான். அவனோட மேப்பைக் காப்பி பண்ணிக்கலாமா?"

தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், முடிவாக வைத்துக்கொள்ளக் கூடாது. அதே ஃபில்டர், அதே சைலன்சர், அதே ஆண்டின் இசியு மென்பொருள், அதே பெட்ரோல் என்று நான்கும் பொருந்தினாலும் வால்வு இடைவெளி, இன்ஜெக்டரில் படிந்த அழுக்கு, த்ராட்டில் சென்சார் அமைவு ஆகியவை வண்டிக்கு வண்டி வேறுபடும். தையற்காரர் அண்ணனுக்கு எடுத்த அளவில் தம்பிக்குச் சட்டை வெட்டுவதைப் போன்றது. தோளில் சரியாக அமரலாம், கையில் இடிக்கலாம்.

"10 சதவீதம் கூட்டினேன். ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, அப்புறம் பழையபடி ஆயிடுச்சு. பெட்டி கெட்டுப்போச்சா?"

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் இசியு அதன் வேலையைச் செய்திருக்கிறது. ஐடிலிங்கிலும் சீரான ஓட்டத்திலும் இசியு ஓ2 சென்சாரைப் பார்த்தபடியே கலவையைத் திருத்திக்கொண்டிருக்கும். இதைத்தான் குளோஸ்டு லூப் என்கிறோம். கம்பெனி ஓ2 சென்சார், கலவை ரிச்சானால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், லீனானால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் காட்டும், நடுவில் 0.45 வோல்ட்டைத் தாண்டித் தாண்டி ஊசலாட வைப்பதே இசியுவின் குறிக்கோள். நீங்கள் 10 சதவீதம் கூட்டியதும் சென்சார் தொடர்ந்து "ரிச்" என்று சொல்லியிருக்கும்; இசியு தன் பங்கைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கலவையை மீண்டும் லாம்டா 1க்கே கொண்டுவந்துவிட்டது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கேடு இருக்கிறது. இப்படிக் குறைத்துக் குறைத்துக் கற்றுக்கொண்டதை இசியு நினைவில் வைத்துக்கொண்டு, சென்சாரைப் பார்க்காமல் ஓடும் முழு த்ராட்டில் பகுதியிலும் அந்தக் குறைப்பைச் சேர்த்துவிடக்கூடும். சீரான ஓட்டத்தை ரிச்சாக்க முயன்றவர், தன்னையறியாமல் முழு வேகத்தில் கலவையை லீனாக்கியிருப்பார். இன்ஜினுக்கு ஆபத்து அங்கேதான்.

வழிகள் இரண்டு. ஒன்று, குளோஸ்டு லூப் பகுதிக் கட்டங்களை 0 ஆகவே விட்டுவிட்டு, அதற்கு வெளியே மட்டும் திருத்துவது. மற்றொன்று, ஓ2 சென்சாரின் செய்தியையும் சேர்த்துக் கையாளும் பாகத்தைப் போட்டு, இசியு குறிவைக்கும் இடத்தையே சற்று ரிச் பக்கம் நகர்த்துவது. இரண்டாவதைச் செய்தால் கன்வெர்ட்டரின் வேலை குறையும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள்.

"இப்ப பங்க்ல இ20 பெட்ரோல்தான் போடுறாங்க. பழைய மேப் அப்படியே ஓடுமா?"

மறுபடி அளக்க வேண்டும். இ20 என்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைவான காற்றே போதும். ஒரு கிராம் எத்தனாலுக்கு 9 கிராம் காற்று. கணக்கிட்டால், 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் சரிசம நிலை ஏறத்தாழ 14.1, 20 சதவீதத்துக்கு ஏறத்தாழ 13.5. 10இலிருந்து 20 சதவீதக் கலப்புக்கு மாறினால், அதே காற்றுக்கு 4 சதவீதம் அளவு கூடுதல் பெட்ரோல் தேவை. குளோஸ்டு லூப்பில் இசியு இதைத் தானே ஈடுகட்டும். முழு த்ராட்டிலில் ஈடுகட்டாது. ஆகவே, 10 சதவீதக் கலப்பில் நன்றாக அமைத்த மேப், இன்று மேல்பகுதியில் அந்த அளவுக்கு லீனாக ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். கலவையை அளக்கும் மீட்டரில் 14.7 காட்டினால் உள்ளே உண்மையிலேயே 14.7 என்று பொருளில்லை. சென்சார் அளப்பது லாம்டாவை. மீட்டர் அதை 14.7ஆல் பெருக்கிக் காட்டுகிறது. எந்தப் பெட்ரோலைப் போட்டாலும் லாம்டாவிலேயே பேசிப் பழகுங்கள், குழப்பம் வராது.

"பிளக்கைக் கழட்டி நிறம் பார்த்தா தெரியாதா? வைட்பேண்ட் எதுக்கு?"

பிளக் நிறம் பொய் சொல்வதில்லை, ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்வதுமில்லை. கடைசியாக ஓட்டிய பல நிலைகளின் கூட்டு விளைவை அது காட்டும். 3,000 ஆர்பிஎம்மில் 5 சதவீத த்ராட்டிலில் என்ன நடந்தது என்று தனியே பிரித்துச் சொல்லாது. கம்பெனி ஓ2 சென்சாரும் போதாது: ரிச்சா லீனா என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

வைட்பேண்ட் சென்சார் எண்ணாகவே சொல்லும். பரவலாகப் பயன்படுவது பாஷ் எல்எஸ்யூ 4.9. அதைப் பொருத்த பென்ட் பைப்பில் 18 மில்லிமீட்டர் மரைகொண்ட வளையம் ஒன்றை வெல்டு செய்ய வேண்டும். சென்சாரின் தலை மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். படுக்கையாகவோ கீழ்நோக்கியோ வைத்தால், குளிர்ந்த பைப்பில் சேரும் நீர்த்துளி உள்ளிருக்கும் சூடான பீங்கானில் பட்டு அதை விரிசலாக்கிவிடும். முன்பு சொன்ன சைலன்சர் காற்றுக்கசிவு இருந்தால் வைட்பேண்டும் லீன் என்று தவறாகவே காட்டும்; அந்த எண்ணை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

"டைனோ இல்லாம ரோட்டுலயே டியூன் பண்ணலாமா?"

சிறிய த்ராட்டில் கட்டங்களைச் செய்யலாம். வைட்பேண்டையும் பதிவுக் கருவியையும் பொருத்தி, விடியற்காலையில் வெறிச்சோடிய சாலையில் ஒரே கியரில் ஒவ்வொரு நிலையையும் சில வினாடிகள் பிடித்து ஓட்டி, வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்துத் திருத்த வேண்டும். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்கவே கூடாது. முழு த்ராட்டில் கட்டங்களை ஈசிஆரிலோ ஓஎம்ஆரிலோ செய்ய நினைக்காதீர்கள். 47 குதிரைத்திறன் வண்டி நான்காம் கியரிலேயே எந்த வேகத்துக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பகுதிக்கு, சக்கரத்துக்குச் சுமை கொடுத்து ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்தி வைக்கும் டைனோதான் இடம்.

"வயரிங் நானே பண்ணிக்கலாமா?"

பொறுமை இருந்தால் செய்யலாம். இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிரித்து இடையே பெட்டியின் கனெக்டரைச் செருகுவதும், த்ராட்டில் சென்சார் வயரைத் தொடுவதும், எர்த் கொடுப்பதும் சீட்டைக் கழற்றினால் எட்டும் வேலைகள்தாம். மிகவும் கவனம் வேண்டியது எர்த். என் சொந்த வண்டியில் முதன்முதலாகப் பொருத்தியபோது, எர்த் வயரின் வளையத்தைச் சேஸிஸில் இருந்த ஒரு போல்ட்டின் கீழ் இறுக்கினேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழையில் தாம்பரம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி ஒரு நொடி செத்து, மீண்டும் உயிர் வந்தது. பின்னால் வந்த லாரி ஹாரனோடு விலகிப் போனது. வீட்டில் அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது வளையத்தின் கீழே கருப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது மரையின் ஓரம் மட்டுமே, அதிலும் பச்சைக் களிம்பு. எர்த் விட்டுப்போனால் பெட்டி அணைகிறது. பெட்டி அணைந்தால் இன்ஜெக்டரும் நின்றுபோகலாம். அன்றிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைத் தவிர வேறெங்கும் எர்த் எடுப்பதில்லை.

பொருத்தி முடித்ததும் த்ராட்டில் அளவைப் பெட்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மூடிய நிலையை 0 என்றும், கைப்பிடியைக் கடைசிவரை திருப்பிய நிலையை 100 என்றும் மென்பொருளில் பதிவு செய்யுங்கள். இதைத் தவறவிட்டால், மேப்பின் 5 சதவீதப் பத்தி என்று நீங்கள் திருத்துவது உண்மையில் 9 சதவீதமாக இருக்கும். உழைப்பெல்லாம் பக்கத்து வீட்டு வாசலில் போட்ட கோலமாகிவிடும்.

"டியூன் பண்றதுக்கு முன்னாடி சர்வீஸ் பண்ணியே ஆகணுமா? ரெண்டு சிலிண்டருக்கும் தனி மேப் வேணுமா?"

சர்வீஸ் கட்டாயம். வால்வு இடைவெளி, ஏர் ஃபில்டர், பிளக், பிறகு இரண்டு த்ராட்டில் பாடிகளும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திறக்கின்றனவா என்ற சமநிலை. இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். சமன் குலைந்த வண்டியில் ஒரு சிலிண்டர் ரிச்சாகவும் மற்றது லீனாகவும் ஓடும். இரண்டின் சராசரியைப் பார்த்து மேப் போட்டால் இரண்டுக்குமே பொருந்தாது.

தனித்தனி மேப் போடும் வசதி சில பெட்டிகளில் உண்டு. இரண்டு பைப்புகளையும் தனித்தனியே அளந்து, சமன் செய்தபின்னும் வித்தியாசம் நிலைத்து நின்றால் மட்டுமே அதைத் தொடுங்கள்.

"பெட்ரோலைக் குறைச்சு மைலேஜ் எடுக்கலாமா?"

வேண்டாம். சீரான ஓட்டத்தில் கழித்தால், 10 சதவீதக் கேள்விக்குச் சொன்ன அதே முறையில் இசியு திரும்பக் கூட்டிவிடும். சுமையேறும் பகுதியில் கழித்தால் எரிதல் சூடேறி, நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) தொடங்கி, பிஸ்டனுக்கு ஆபத்து.

"டிராஃபிக்ல காலைச் சுடுது. ரிச்சா வச்சா சூடு குறையுமா?"

சிறிதளவு குறையும். புகைவாயுவின் வெப்பம் லாம்டா 1ஐ ஒட்டியே உச்சத்தில் இருக்கும். ரிச் பக்கம் நகர்ந்தால் அது இறங்கும். ஆனால் கத்திப்பாராவில் நிற்கும்போது உங்கள் காலைச் சுடுவது, காற்றும் ஆயிலும் கொண்டு குளிர்விக்கப்படும் இன்ஜினுக்குக் காற்றோட்டம் இல்லாததால்தான். அதற்காக அளவுக்கு மீறி ரிச்சாக்கினால், பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவி இறங்கி, ஆயிலோடு கலக்கும். ஆயிலை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதென்றால் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

"ஊட்டி, லடாக் போறப்ப மேப்பை மாத்தணுமா?"

தேவையில்லை. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம்; காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல். 5,359 மீட்டர் உயரமுள்ள கார்துங் லாவில் ஏறத்தாழப் பாதிதான். இசியு காற்றழுத்தத்தை அளந்து அதற்கேற்பத் துடிப்பைக் குறைத்துவிடுகிறது. பெட்டி சேர்ப்பது அந்தக் குறைந்த துடிப்பின் மீதான சதவீதம் என்பதால், அதுவும் கூடவே குறைந்துவிடும். கார்புரேட்டர் காலத்தில் மலையேறும்போது ஜெட் மாற்றியவர்களுக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். இன்ஜெக்‌ஷனின் அருமையே அதுதான்.

"சில பெட்டியில இக்னிஷன் டைமிங்கையும் மாத்தலாமாமே?"

மாற்றலாம், பவர்ட்ரானிக் அந்த வகை. இக்னிஷன் டைமிங் என்பது பிளக் பொறியடிக்கும் நேரம். கலவையில் செய்யும் சிறிய தவறை இன்ஜின் பொறுத்துக்கொள்ளும், டைமிங்கில் பொறுக்காது. நாக்கிங்கைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்பாதீர்கள். ஹெல்மெட்டும் காற்றிரைச்சலும் சேர்ந்தால் முழு வேகத்தில் ஒன்றும் கேட்காது. டைனோவும் நாக்கிங்கைக் கண்டறியும் கருவியும் உள்ள இடத்தில் அன்றி, டைமிங் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

"வாரண்டி போயிடுமா? போலீஸ், பொல்யூஷன் சர்டிபிகேட்ல பிரச்சினை வருமா?"

இன்ஜின் தொடர்பான வாரண்டியை நிறுவனம் மறுக்க இது போதுமான காரணமாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்று எண்ணியே முடிவெடுங்கள். சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காற்று மாசு, ஒலி வரம்பு மீறலுக்குப் பிரிவு 190(2) தனியே இருக்கிறது. சாலையில் பிடிபடும் பெரும்பாலான வண்டிகள் கண்ட்ரோலருக்காக அல்ல, சத்தமான சைலன்சருக்காகவே பிடிபடுகின்றன என்பது நான் கண்டது. அதனால் பெட்டிக்கு விலக்கு உண்டு என்று பொருளாகாது.

பொல்யூஷன் சோதனை ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது. ஐடிலிங் கட்டங்களை 0இல் விட்டு, கன்வெர்ட்டரையும் கழற்றாமல் இருந்தால் அங்கே எதுவும் மாறியிருக்காது. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு மேப்பால் சரிக்கட்டித் தரச் சொல்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. மேப்பால் கன்வெர்ட்டரின் வேலையைச் செய்ய முடியாது, அந்தப் புகையை நம் பிள்ளைகள்தான் சிக்னலில் நின்று சுவாசிக்கிறார்கள்.

"வண்டியை விக்கும்போது பெட்டியைக் கழட்டிட்டா பழையபடி ஆயிடுமா?"

கம்பெனி கனெக்டர்களை மீண்டும் ஒன்றோடொன்று செருகினால் வயரிங் பழையபடி ஆகிவிடும். ஆனால் பெட்டி இருந்த காலத்தில் இசியு கற்றுக்கொண்ட திருத்தங்கள் நினைவில் இருக்கும் என்பதால், முதல் சில நாள்கள் வண்டி சற்று லீனாக இழுக்கலாம். நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டினால் இசியு திரும்பக் கற்றுக்கொள்ளும். ஓ2 எமுலேட்டர் இருந்திருந்தால், கம்பெனி சென்சாரின் கனெக்டரை மறக்காமல் செருகுங்கள். அதைத் தொங்கவிட்டால் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியும், இசியு குளோஸ்டு லூப்புக்கே போகாது.

சைலன்சரும் ஃபில்டரும் மாற்றப்பட்ட நிலையிலேயே விற்பதாக இருந்தால், பெட்டியைக் கழற்றாமல், மேப் கோப்பையும் கடைசியாக அளந்த பதிவையும் தேதியோடு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுக்கொடுத்தால், முழு த்ராட்டிலில் லீனாக ஓடும் வண்டியை ஒன்றும் அறியாத ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள்.